கோடிங் டச் விட்டுப் போச்சா? வெப்சைட் கட்ட எதை எடுப்பது என்று பார்ப்போம்

நோட்பேடில் எச்டிஎம்எல் அடித்து, டேபிளுக்குள் டேபிள் வைத்துப் பக்கத்தைப் பிரித்து, எஃப்டிபியில் ஏற்றிய காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். அப்புறம் வேலை மாறியிருக்கும், துறை மாறியிருக்கும், கோடு எழுதிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கும். இப்போது திடீரென்று ஒரு தளம் தேவைப்படுகிறது. சொந்தத் தொழிலுக்கோ, தங்கை நடத்தும் தையல் வகுப்புக்கோ, பழைய மாணவர் சங்கத்துக்கோ. தேடினால் வரிசையாகப் பெயர்கள் வந்து விழுகின்றன, எல்லாமே சில நிமிடங்களில் தளம் தயார் என்கின்றன.

தயாராவது உண்மைதான். ஆனால் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து மென்பொருளை எடுக்காதீர்கள். மூன்றாவது வருஷம், வேலை முடிந்து களைத்து வந்த ஒரு ராத்திரி, அந்தத் தளத்தில் ஒரு போன் நம்பரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து எடுங்கள். டச் விட்டுப் போனவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றுமே தெரியாதவர் எளிய கருவியை எடுத்துவிடுவார், தினமும் கோடு எழுதுபவர் எதை எடுத்தாலும் சமாளிப்பார். பாதி தெரிந்த நமக்குத்தான் பெரிய கருவியை எடுத்து எல்லாவற்றையும் நம் இஷ்டப்படி செய்துவிடலாம் என்று ஆசை வரும். ஆரம்பத்தில் ஒரு வாரம் ஆர்வமாகச் செய்வோம், அப்புறம் ஆறு மாதம் யாரும் தொடமாட்டார்கள்.

முதலில், உங்களுக்குத் தெரிந்ததில் எது இன்னும் செல்லுபடியாகிறது என்று பார்த்துவிடலாம். பத்தி, தலைப்பு, இணைப்பு, படம் ஆகியவற்றுக்கான எச்டிஎம்எல் குறிகள் அப்படியேதான் இருக்கின்றன. சிஎஸ்எஸ்ஸில் நிறம், எழுத்தளவு, ஓரம் எல்லாம் அதே பழைய எழுத்துதான். டொமைன் (தளத்தின் பெயர்) வேறு, ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் தங்கும் இடம்) வேறு என்பது உங்களுக்குத் தெரியும், அதுவே பெரிய பலம், ஏனென்றால் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். போனது என்ன? டேபிள் வைத்துப் பக்கம் பிரிப்பது போய்விட்டது, அந்த வேலையை ஃபிளெக்ஸ்பாக்ஸும், 2017இல் பிரவுசர்களுக்கு வந்த சிஎஸ்எஸ் கிரிட்டும் செய்கின்றன. ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத தளத்தை 2018 ஜூலையிலிருந்து குரோம் பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது, ஆனால் அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருவதால் அதற்குத் தனியாகக் காசு கேட்கும் ஹோஸ்டிங்கிடம் ஏன் என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், உங்கள் தளத்தைப் பார்க்கப்போகிறவர் கையில் இருப்பது மொபைல். கம்ப்யூட்டர் திரையில் வடிவமைத்து மொபைலில் ஒருமுறை எட்டிப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

சரி, மென்பொருள் பெயர்களுக்குள் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். தளத்தில் என்னென்ன வரும் என்று எழுத வேண்டாம், என்னென்ன மாறும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், யார் மாற்றுவார் என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். தையல் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். முகவரியும் அறிமுகமும் மாறவே மாறாது. வகுப்பு தொடங்கும் தேதி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும், கட்டணம் வருஷத்துக்கு ஒருமுறை. தைத்த ரவிக்கைகளின் படம் வாரம் ஒன்று போடலாம், அதைப் போடப்போவது நீங்கள் இல்லை, தங்கை, அதுவும் போனிலிருந்து. இந்தக் கடைசி வரிதான் முடிவைத் தீர்மானிக்கும். அவரால் போனிலிருந்து செய்ய முடியாத எந்த மென்பொருளும் இந்தத் தளத்துக்கு ஆகாது, நீங்கள் எவ்வளவு நன்றாகக் கோடு எழுதினாலும்.

இனி வகைகளைப் பார்ப்போம்.

ஒன்றுமே மாறாத நாலைந்து பக்கத் தளம் என்றால் மென்பொருளே வேண்டாம், கையாலேயே எழுதிவிடுங்கள் என்பேன். இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஏனென்றால் இதில் யாருக்கும் லாபமில்லை. ஐந்து எச்டிஎம்எல் கோப்பு, ஒரு சிஎஸ்எஸ் கோப்பு, அவ்வளவுதான். தலைப்பகுதியில் இரண்டு வரிகளை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று, எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று சொல்லும் வரி, இது இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கிறுக்கலாக வந்து நிற்கலாம். இன்னொன்று வியூபோர்ட் வரி, நாம் எழுதிய காலத்தில் பலருக்கும் தெரியாத வரி இது. இது இல்லையென்றால் ஐபோன் உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலமுள்ள கம்ப்யூட்டர் திரை என்று நினைத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும், பார்ப்பவர் விரலால் விரித்து விரித்துப் படிக்க வேண்டியிருக்கும். முடித்த கோப்புறையை நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ், கிட்ஹப் பேஜஸ் மூன்றில் ஒன்றில் இலவசமாக ஏற்றலாம். நெட்லிஃபையில் கோப்புறையை இழுத்துப் போட்டாலே போதும். டேட்டாபேஸ் கிடையாது, கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ப்ளகின் கிடையாது, அதனால் அப்டேட் செய்ய மறந்துவிட்டோமே என்ற கவலையும் கிடையாது. விசாரணைப் படிவம் வேண்டுமென்றால் கூகுள் ஃபார்ம்ஸ் இணைப்பு கொடுங்கள், அல்லது ஒரு வாட்ஸ்அப் பட்டன் வையுங்கள். நம்ம ஊரில் படிவத்தை நிரப்புகிறவரைவிட வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்தான் அதிகம்.

இதையே கொஞ்சம் பெரிதாகச் செய்ய ஹியூகோ, ஜெக்கில், லெவன்ட்டி மாதிரிக் கருவிகள் இருக்கின்றன. எழுத்தைச் சாதாரணக் கோப்பில் எழுதினால் அவை முழுத் தளத்தையும் எச்டிஎம்எல்லாக்கித் தந்துவிடும். நல்ல கருவிகள்தான், ஆனால் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியும், கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் கட்டளைத் திரையும் உங்களுக்குப் புதிது என்றால் தளம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டோடும் மல்லுக்கட்ட வேண்டும். மறுபடி கோடு பழக வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருந்தால் எடுங்கள். அவசரத்துக்கு எடுக்காதீர்கள். இதே வழியில் போக வேண்டும், கட்டளைத் திரை மட்டும் வேண்டாம் என்றால் பப்ளி என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் நிறுவி சாதாரண எடிட்டரில் எழுதி ஒரு பட்டனில் ஏற்றிவிடலாம்.

அடுத்து விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், கூகுள் சைட்ஸ் போன்றவை. கட்டுவது, தங்குவது, பாதுகாப்பது எல்லாம் ஒரே நிறுவனத்திடம். இதை எடுப்பதில் தலைகுனிவு ஒன்றும் இல்லை, பழைய கோடர்கள் சிலர் இதைக் கௌரவப் பிரச்சினையாக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், தேவையே இல்லாதது. சர்வர், பேக்கப், அப்டேட் எதையும் நினைக்க வேண்டியதில்லை என்பது நேரமில்லாதவருக்கு நிஜமான வசதி. ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போக முடியாது. அதன் வழக்கமான எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டில் தளம் கட்டிய பிறகு அதே தளத்துக்கு டெம்ப்ளேட்டை மாற்றவும் முடியாது, புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். மொபைல் தோற்றத்தையும் தனியாக ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும். ஸ்கொயர்ஸ்பேஸ் பக்கங்களையும் பதிவுகளையும் ஓரளவுக்கு வேர்ட்பிரஸ் வடிவில் வெளியே தரும், எல்லாவற்றையும் தராது. கூகுள் சைட்ஸ் இலவசம், மிக எளிது, ஆனால் உங்கள் சிஎஸ்எஸ் அறிவுக்கு அங்கே வேலையே இல்லை, அது கொடுக்கும் தோற்றம்தான் தோற்றம்.

வெளியே எடுக்க முடியுமா என்று இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம், சேவைகள் மூடப்படும் என்பதுதான். ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியபோது எத்தனையோ பேரின் முதல் தளம் அதோடு போனது. கடைக்காரர்கள் கூகுள் பிசினஸ் கணக்கில் இலவசமாக வைத்திருந்த குட்டித் தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியது. அதனால் எந்தச் சேவையானாலும் சோதனைக் காலத்திலேயே, காசு கட்டும் முன்பே, எக்ஸ்போர்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறதா என்று தேடி அழுத்திப் பாருங்கள். வந்த கோப்பைத் திறந்து உங்கள் எழுத்தும் படமும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். விளம்பரப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

தமிழில் தொடர்ந்து எழுதத்தான் தளம் என்றால் பிளாக்கரை ஒதுக்கிவிடாதீர்கள். பழையதுதான், 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் கைக்குப் போனது, இன்றும் இலவசமாக ஓடுகிறது. சொந்த டொமைனை இணைக்கலாம், தளத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் 'தீம்' என்பதை எச்டிஎம்எல் மட்டத்தில் திருத்தலாம், பதிவுகள் மொத்தத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பழைய எச்டிஎம்எல் கைவசம் உள்ளவருக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு நாள் மூடிவிட்டால் என்ற பயத்துக்கு மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்வதுதான் வழி.

இப்போது வேர்ட்பிரஸ். பெரும்பாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பீர்கள், அதனால் இதைப் பற்றி நிதானமாகப் பேசலாம். 2003இல் வந்தது, உலகத்தில் உள்ள தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் விஷயம் இரண்டு. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது நிறுவனம் நடத்தும் சேவை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள், எந்தத் திட்டத்தில் ப்ளகின் போடலாம் என்று மட்டும் வாங்கும் முன் படித்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பது இலவச மென்பொருள், நீங்களே ஹோஸ்டிங் வாங்கிப் போட வேண்டும். சுதந்திரம் முழுசாக உண்டு, பொறுப்பும் முழுசாக உண்டு. பொறுப்பு என்றால் மென்பொருள், தீம், ப்ளகின் மூன்றையும் அப்டேட்டாக வைப்பது, பேக்கப் எடுப்பது, எடுத்த பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்று ஒரு முறையாவது செய்து பார்ப்பது. 5.5 பதிப்பிலிருந்து ப்ளகின்கள் தானாக அப்டேட் ஆகும்படி வைக்கலாம், வைத்துவிடுங்கள். ப்ளகின்களை ஒரு கையில் எண்ணி முடிக்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ப்ளகினைப் போடும் முன் அது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று அதன் பக்கத்திலேயே இருக்கும், ஒரு வருஷமாக யாரும் தொடவில்லை என்றால் வேண்டாம்.

பத்து வருஷம் முன்பு வேர்ட்பிரஸ் பார்த்தவருக்கு உள்ளே போனதும் திக்கென்று இருக்கும். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்போடு எடிட்டர், பத்தி, படம், தலைப்பு ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக வைக்கும் பிளாக் முறைக்கு மாறிவிட்டது. 2022 ஜனவரியில் வந்த 5.9இலிருந்து பிளாக் தீம்கள் வந்துவிட்டன, ஹெடர், ஃபூட்டர் பிஎச்பி கோப்புகளைத் திறந்து திருத்திய வேலையை இப்போது திரையிலேயே செய்யலாம். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் இந்த பிளாக் முறையிலேயே இருந்துவிடுங்கள் என்பது என் தீர்மானமான கருத்து. இழுத்துப் போட்டுக் கட்டும் தனி ப்ளகின்கள் முதல் வாரம் சுகமாக இருக்கும், ஆனால் அவற்றில் சிலவற்றை, டபிள்யூபி பேக்கரி மாதிரியானவற்றை, ஒரு நாள் அணைத்தால் உங்கள் கட்டுரை முழுக்க சதுர அடைப்புக்குறிக்குள் புரியாத சொற்களாக நிற்கும். அதை ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து துடைக்க வேண்டும். பிளாக் எடிட்டரில் எழுதியது உள்ளே சாதாரண எச்டிஎம்எல்லாகவே இருக்கிறது, கோடு பார்வைக்கு மாற்றிப் பாருங்கள், உங்களால் படிக்க முடியும். நீங்கள் முன்பு கற்றது வீண்போகவில்லை என்பது அங்கே தெரியும்.

காசு கட்டாமல் பார்க்க வேண்டுமா? வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரிலேயே முழு வேர்ட்பிரஸும் ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஒரு சாயங்காலம் அதில் கைவைத்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

ஆன்லைனில் பொருள் விற்பதென்றால் ஷாப்பிஃபை அல்லது வேர்ட்பிரஸோடு வூகாமர்ஸ். பணம், சரக்கு, வாடிக்கையாளர் முகவரி எல்லாம் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் இங்கே உங்கள் கோடிங் திறமையைச் சோதித்துப் பார்க்காதீர்கள். மாதம் பத்து ஆர்டர் வரும் கட்டத்தில் வாட்ஸ்அப்பும் யுபிஐயுமே போதும்.

ஏஐயிடம் சொல்லித் தளம் கட்டலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கட்டலாம். அது தரும் கோடு நீங்கள் படித்தால் புரிகிற சாதாரண எச்டிஎம்எல், சிஎஸ்எஸ்ஸாக இருக்கும்வரை நல்ல உதவி, டச் விட்டுப் போனவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஃபிரேம்வொர்க், டேட்டாபேஸ் என்று பத்துப் பதினைந்து கோப்பாகத் தந்தால் நிறுத்திவிட்டு, இவ்வளவு வேண்டாம், எளிய எச்டிஎம்எல்லில் தா என்று கேளுங்கள். உடைந்தால் உங்களால் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடியாத எதையும் ஏற்றாதீர்கள்.

தமிழ்த் தளம் என்றால் தனியாக ஒரு சோதனை உண்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது. டெம்ப்ளேட்டின் மாதிரிப் படம் ஆங்கிலத்தில் அழகாக இருக்கும், அதை நம்பாதீர்கள். உங்கள் நிஜமான தமிழ் உரையை ஒட்டிப் பாருங்கள். அந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் விண்டோஸ் அதன் நிர்மலாவைக் காட்டும், ஆண்ட்ராய்டு நோட்டோவைக் காட்டும், தளம் ஆளுக்கொரு மாதிரி தெரியும். அதனால் நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கட்டமரான் மாதிரி கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள தமிழ் எழுத்துருவை அந்த மென்பொருளில் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். தலைப்பு எழுத்துகளை நெருக்கி வைக்கும் தீம்கள் பல உண்டு, தமிழில் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அந்த இடைவெளியைப் பூஜ்யமாக்க முடிய வேண்டும். வரி இடைவெளி 1.7 அளவுக்காவது போனால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். மெனுவில் 'ஒருங்கிணைப்பாளர்கள்' என்று ஒரு சொல்லைப் போட்டு மொபைலில் பாருங்கள், திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு போகிறதா, உடைகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

பக்க முகவரியையும் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே உருவாகும், ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு சேர்த்து 9 எழுத்தாக மாறுகிறது, அதற்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்து. ஆக, 22 குறியோடு முகவரி துண்டிக்கப்படும். மெய்க்கு ஒன்று, உயிர்மெய்க் குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள், மூன்று நான்கு சொல்லிலேயே தீர்ந்துவிடும். பிளாக்கரில் வேறு கதை, தமிழ்த் தலைப்பை விட்டுவிட்டு பிளாக்-போஸ்ட் என்றும் பின்னால் ஒரு எண்ணும் போட்டுக்கொள்ளும். இரண்டிலுமே வெளியிடும் முன் முகவரியைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் நீங்களே அடித்துவிடுங்கள். அப்படி அடிக்க இடம் தராத மென்பொருள் என்றால் யோசியுங்கள்.

காசு விஷயத்தில் மூன்று சொல்கிறேன். விளம்பரத்தில் இருப்பது முதல் வருஷ விலை, ரெனியூவல் விலை சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். டாலர் விலை என்றால் ஜிஎஸ்டியும் கார்டுக் கட்டணமும் சேரும். இரண்டாவது, டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், முடிந்தால் தளம் கட்டும் நிறுவனத்திடம் இல்லாமல் டொமைன் விற்கும் வேறு ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கட்டும். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், டொமைன் கையில் இருந்தால் முகவரி மாறாது. யாரோ தெரிந்த பையன் தன் கணக்கில் வாங்கிக் கொடுத்தான் என்பது கடை கடையாக நான் கேட்கும் புலம்பல். மூன்றாவது, கார்டில் தானாகப் பணம் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி அப்படி எடுக்க முன்கூட்டியே ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும், வெளிநாட்டு நிறுவனம் என்றால் பல நேரம் அது பதிவாவதே இல்லை. ரெனியூவல் தேதியை நீங்களே காலண்டரில் ஒரு மாதம் முன்னால் குறித்து வையுங்கள்.

இரண்டு மென்பொருளுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் ஒரே பக்கத்தை இரண்டிலும் கட்டிப் பாருங்கள். எது அழகு என்று ஒப்பிடாதீர்கள். போனிலிருந்து ஒரு தேதியை மாற்றுங்கள். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றி, அது தானாகச் சுருக்கிக்கொள்கிறதா, அல்லது பார்ப்பவரின் டேட்டாவைத் தின்கிறதா என்று கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு பத்தியை அழித்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா பாருங்கள். கடைசியாக, தளத்தைத் தொடப்போகிற அந்த இன்னொருவரிடம் போனைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல், பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே முடிவு கிடைத்துவிடும்.

உங்களிடம் ஏற்கெனவே பழைய தளம் ஒன்று இருந்து காணாமல் போயிருந்தால், புதிதாக எழுத உட்காரும் முன் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைத் தேடிவிடுங்கள், பாதிப் பக்கமாவது கிடைக்க வாய்ப்பிருக்கிறது. தளம் இன்னும் உயிரோடு இருந்தால் பழைய பக்க முகவரிகளைப் பட்டியலெடுத்து, புதிய முகவரிகளுக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) கொடுக்க அந்த மென்பொருள் இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டே மாறுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் எழுதியிருந்தால் இப்போது அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் போட்டால் யூனிகோடாகிவிடும். அப்புறம் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். இடையில் வரும் நிஜமான ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே தமிழாக மாறியிருக்கும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.